செமஸ்டர் தேதி முதலில், டெலிவரி தேதி அப்புறம்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கல்லூரியில் படித்துக்கொண்டே டிசைன், வீடியோ எடிட்டிங், மொழிபெயர்ப்பு, டேலியில் கணக்கெழுதுவது என்று ஃப்ரீலான்ஸ் வேலை எடுக்கும் பிள்ளைகளைக் கேட்டால் "நேரமே இல்லை" என்பார்கள். வாரத்தைத் தாளில் எழுதிக் கணக்குப் போட்டால் நேரம் இருக்கும். இடிப்பது தேதி. வாடிக்கையாளருக்குச் சொன்ன நாளும் மாடல் எக்ஸாமும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். எக்ஸாம் தேதி ஒரு மாதம் முன்பே தெரிந்ததுதான். ஒப்புக்கொள்ளும்போது யாரும் காலண்டரைப் பார்ப்பதில்லை.

செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்திலேயே கல்லூரியின் கல்வி நாட்காட்டியை வாங்கி, ஐந்து தேதிகளை ஃபோனில் ஏற்றிவிடுங்கள்: இன்டர்னல் தேர்வுகள், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கக் கடைசி நாள், பிராக்டிக்கல், தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள், எழுத்துத் தேர்வின் முதல் நாள். பருவத் தேர்வு பெரும்பாலும் நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் வரும். பிராக்டிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். "எக்ஸாம் நவம்பர் கடைசியில்தானே" என்று மாதத் தொடக்கத்தில் ஒரு வெப்சைட் வேலையை ஒப்புக்கொள்வார்கள். ரெக்கார்டு எழுதுவதும் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குப் படிப்பதும் அதே இரண்டு வாரத்தில் விழும். எழுத்துத் தேர்வின் முதல் நாளிலிருந்து பின்னோக்கி 28 நாள் எண்ணி ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி எந்த டெலிவரியும் இருக்கக் கூடாது. புது வேலை எடுப்பதை அதற்கும் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

28 என்பது எல்லோருக்கும் பொருந்தாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாளுக்கு இன்டர்னல் 40 மதிப்பெண், செமஸ்டர் தேர்வு 60. பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கலை, அறிவியல் படிப்புகளில் 25-க்கு 75. தன்னாட்சிக் கல்லூரியானால் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொறியியல் படிக்கிறவர் செமஸ்டர் நடுவில் இன்டர்னலைக் கோட்டை விட்டால் கடைசியில் மீட்பது கடினம். ஒவ்வொரு இன்டர்னலுக்கும் முந்தைய 5 நாளை வேலையில்லாத நாளாக வைக்க வேண்டும். பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. படிக்கிறவருக்குக் கனம் பெரும்பாலும் கடைசித் தேர்வில்தான். அவர் அந்தக் கோட்டை 35 நாளுக்குத் தள்ளிக்கொள்வதுதான் சரி.

அட்டெண்டன்ஸ் 75 சதவீதம். 90 வேலை நாள் என்றால் 22 நாள்தான் விடலாம். அந்த 22-ல் காய்ச்சலும் வரும், அக்கா கல்யாணமும் ஊர்த் திருவிழாவும் வரும். ஃப்ரீலான்ஸ் வேலைக்காக அதில் ஒரு நாளைக்கூட எடுக்காதீர்கள். வேலைக்கு லீவு போட ஆரம்பித்தவர்கள் கணக்கு வைப்பதில்லை. மார்ச்சில் அட்டெண்டன்ஸ் குறைந்தவர்களின் பெயர்ப்பட்டியல் ஒட்டும்போதுதான் தெரியும்.

இப்போது நேரம். பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கு பஸ்ஸில் வந்து போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் 49. கல்லூரி 35. பஸ்ஸும் பஸ்ஸுக்கு நிற்பதும் தினம் இரண்டரை மணி, ஐந்து நாளுக்கு 12.5. குளியல், சாப்பாடு, வீட்டு வேலை தினம் 3 மணி, ஆக 21. படிப்பு தினம் 2 மணி, 14. மிச்சம் 36.5. இதைப் பார்த்துவிட்டுத்தான் "வாரம் 30 மணி நேரம் செய்யலாம்" என்று கொட்டேஷன் கொடுத்துவிடுகிறார்கள். அந்த 36.5-ல் பாதிக்கு மேல் 20 நிமிடம், அரை மணி என்று சிதறிக் கிடக்கும். கம்ப்யூட்டர் முன்னால் ஒரே மூச்சில் உட்காரக்கூடியது வார நாளில் மூன்று இரவு இரண்டிரண்டு மணி, சனிக்கிழமை 5, ஞாயிறு 4. மொத்தம் 15. அதிலும் 12-ஐ மட்டும் விற்க வேண்டும். மீதி 3 மணி, கரெக்‌ஷனுக்கும் கரண்ட் போனதற்கும். ஷிப்ட் முறையில் நடக்கும் கல்லூரியானால் அரை நாள் கையில் இருக்கும், கணக்கு மாறும். பஸ்ஸில் போகும் நேரத்தில் டிசைன் செய்ய முடியாது. வாடிக்கையாளர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டுக் குறிப்பெடுக்கலாம், மொழிபெயர்ப்பைப் படித்துப் பார்த்துப் பிழை குறிக்கலாம். அதற்கு அது நல்ல நேரம்.

வாரம் 12 மணி என்றால், 10 மணி நேர வேலையை ஒரு வாரத்தில் தருகிறேன் என்று சொல்லலாமா? கூடாது. முதல் வடிவத்துக்கு ஒரு வாரம், அவர் பார்த்துச் சொல்ல மூன்று நாள், திருத்த இரண்டு நாள். 12 நாள் கேளுங்கள். உள்ளூர் வேலையில் எல்லாம் வாயாலேயே நடக்கும், "பார்த்துச் செய்ப்பா" என்பார்கள். பேசி முடித்த அன்றே வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு மெசேஜ் போட்டுவிட வேண்டும்:

"அண்ணா, வணக்கம். 8 பக்க கேட்லாக். முதல் டிசைன் 16ஆம் தேதி ராத்திரி 9 மணிக்கு அனுப்புறேன். படமும் விலைப் பட்டியலும் 9ஆம் தேதிக்குள்ள வந்துடணும். ஒரு நாள் தள்ளி வந்தா டெலிவரியும் ஒரு நாள் தள்ளும். கரெக்‌ஷன் ரெண்டு தடவை பண்ணித் தர்றேன், அதுக்கு மேல ஒவ்வொரு தடவைக்கும் 300 ரூபாய். பாதி அட்வான்ஸ் வந்ததும் ஆரம்பிச்சிடுறேன். காலேஜ் நேரத்துல போன் எடுக்க முடியாது, சாயங்காலம் 6 மணிக்கு மேல பேசுறேன்."

இதில் நேரத்தைக் காப்பாற்றுவது படம் வரவேண்டிய தேதிதான். வேலை தாமதமாவது பெரும்பாலும் அவர்கள் பக்கம் பொருள் வராததால். பழி மட்டும் உங்கள் மேல். கரெக்‌ஷன் எண்ணிக்கையும் அவ்வளவு முக்கியம். 400 ரூபாய் போஸ்டரை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு, "அந்த கலர் மாத்து, தம்பி போட்டோ சேர்" என்று இன்னும் நான்கு மணி போனால், மணிக்கு 66 ரூபாய்தான் நின்றது. 9 மணி என்று நேரம் குறிப்பதற்கும் காரணம் உண்டு. "16ஆம் தேதி" என்று மட்டும் சொன்னால் காலை 10 மணி வகுப்பில் போன் அடிக்கும்.

தமிழ் எழுத்துள்ள டிசைனில் இன்னொரு நேரத் திருடன் ஃபான்ட். உங்கள் கம்ப்யூட்டரில் யூனிகோடில் அழகாக இருந்தது அச்சகத்தின் பழைய சாஃப்ட்வேரில் கொம்பும் காலும் இடம் மாறி வரும். அனுப்பும் பிரதியில் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவங்களாக, மாற்றிவிடுங்கள். மாற்றாத பிரதியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அச்சகத்திலிருந்து போன் வரும் நாள் இன்டர்னல் நாளாகத்தான் இருக்கும்.

நம் ஊர் சீசன் படிப்போடு எங்கே மோதுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கு மே முதல் பழ வரத்து. லேபிள், பிரவுச்சர், வெப்சைட் திருத்தம் எல்லாம் அதற்கு முன், மார்ச், ஏப்ரலில் கேட்பார்கள். அதுதான் உங்கள் தேர்வுக் காலம். இந்த வேலை வேண்டுமானால் ஜனவரி, பிப்ரவரியிலேயே நீங்களாகப் போய்க் கேட்டு முடித்துவிட வேண்டும். "இப்போ கொடுத்தா விலை குறைச்சுத் தர்றேன்" என்றால் பலர் கொடுப்பார்கள். கோடையில் நடக்கும் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்கான ஸ்டால் வேலைகள் தேர்வு முடிந்த பின் வருபவை, தைரியமாக எடுக்கலாம். தை, மாசி முகூர்த்தக் கல்யாண வீடியோக்கள் செமஸ்டரின் தொடக்கத்தில் விழுவதால் மாணவர்களுக்கு அவைதான் தோதானவை.

வீடியோ வேலையில் எடிட்டிங்கைவிட அனுப்புவதில்தான் நேரம் போகும். யூடியூப் 1080பி வீடியோவுக்குப் பரிந்துரைக்கும் பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்கான டேட்டா அளவு, 8 மெகாபிட். அந்த அளவில் 10 நிமிட வீடியோ 600 எம்.பி. அப்லோடு வேகம் நொடிக்கு 5 மெகாபிட் இருந்தால் 16 நிமிடத்தில் போய்விடும். அதே அளவில் இரண்டரை மணி நேரக் கல்யாண வீடியோ 9 ஜி.பி., நான்கு மணி நேரம். தினம் 2 ஜி.பி. டேட்டா பேக்கில் அது நடக்கவே நடக்காது, 15 ஜி.பி. இலவச கூகுள் டிரைவிலும் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். ஸ்டுடியோ தருமபுரியிலேயே இருந்தால் பென் டிரைவில் போட்டு, கல்லூரிக்குப் போகிற வழியில் கொடுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜி.பி.-க்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது. முதல் நாளே எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளை முன்பே பத்திரிகையில் போடுவார்கள். அந்த நாளில் டெலிவரி வைக்காதீர்கள். வைஃபை இருக்கும் வீட்டில் ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். ஒன்று வாங்கிவிட்டால் சிறு மின்வெட்டுகளைப் பற்றிக் கவலையில்லை.

பணம் எப்போது கைக்கு வரும் என்பதையும் அதே காலண்டரில் எழுதுங்கள். ஃப்ரீலான்ஸ் வேலை பிடிக்கும் இணையதளமான ஃபைவரில் 20 டாலர் ஆர்டருக்கு 20 சதவீதக் கமிஷன் போக 16 டாலர். வேலைக்கு 7 நாள். வாங்கியவர் ஒன்றும் சொல்லாவிட்டால் 3 நாளில் ஆர்டர் தானாக முடியும். பிறகு புதிய விற்பனையாளருக்கு 14 நாள் காத்திருப்பு. 24 நாள் ஆகிவிட்டது, பேங்குக்கு வர இன்னும் சில நாள். தேர்வுக் கட்டணத்தை இந்தப் பணத்தை நம்பி வைத்தால் அபராதத்தோடுதான் கட்டுவீர்கள். கட்டணத்துக்கான தொகையை இரண்டு மாதம் முன்பே தனியாக எடுத்து வையுங்கள். பெங்களூரு, ஓசூர் நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணமாகக் கணக்கெழுதினால், 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும்போது 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது வருமான வரியை முன்கூட்டியே, பிடிப்பார்கள். பான் கொடுக்காவிட்டால் 20. உங்கள் வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். பிடித்தது வருமான வரித் தளத்தில் உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏறவில்லை என்றால் அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் உடனே கேட்க வேண்டும்.

தேர்வுக்கு முன் போட்ட அந்தக் கோடு வந்துவிட்டால் ஃபைவரில் புது ஆர்டர் வராதபடி நிறுத்தி வைத்துவிடுங்கள். உள்ளூர் வாடிக்கையாளர்களுக்கு, "பரீட்சை இன்ன தேதி முடியுது, மறுநாள் நானே கூப்பிடுறேன்" என்று ஒரு மெசேஜ். நம் ஊர்க்காரர்கள் பரீட்சை என்றால் காத்திருப்பார்கள். சொல்லாமல் போனை எடுக்காமல் இருப்பதைத்தான் மன்னிக்க மாட்டார்கள். சொன்னபடி மறுநாள் கூப்பிடுங்கள். அடுத்த செமஸ்டர் டைம்டேபிள் கைக்கு வந்ததும் 168-லிருந்து மறுபடி கழித்துப் பார்த்துவிட்டு, முதல் வேலைக்குத் தேதி சொல்லுங்கள்.