ஒற்றைக் காலில் பல் தேய்ப்பவன்

கணுக்கால் பிசகி ஆறு வாரம் ஆகிறது. வீக்கம் வடிந்துவிட்டது, வலியும் இல்லை. ஆனாலும் பிசியோதெரபிஸ்ட் என்னை விடுவதாக இல்லை. "பல் தேய்க்கும்போது அந்தக் காலில் மட்டும் நில்லுங்க. பழகினதும் கண்ணை மூடிக்குங்க" என்றார்.

இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். கண் திறந்திருந்தவரை சரி. மூடியதும் 4 வினாடிதான், வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டேன். அடிபடாத காலில் 15 வினாடி நிற்க முடிகிறது.

ஆள் விழாமல் நிற்க, மூளை மூன்று பேரிடம் சேதி கேட்கிறது. கண், உள்காது, அப்புறம் தசையிலும் மூட்டிலும் இருக்கும் உணர்நரம்புகள். கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்க்காமலே தெரிவது இந்த மூன்றாவது ஆளால்தான். கால் பிசகும்போது ஜவ்வோடு சேர்ந்து அதற்குள் இருக்கும் உணர்நரம்புகளும் அடிபடுகின்றன. சேதி அரைகுறையாகத்தான் மேலே போகிறது. இத்தனை நாள் கண் அதை ஈடுகட்டிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

இந்தச் சேதி முதுகுத்தண்டுவடத்தின் பின்பக்கம் வழியாக ஏறுகிறது. அந்தப் பாதை கெட்டவர்கள் கண்ணை மூடினால் தள்ளாடுவார்கள் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே மோரிட்ஸ் ரோம்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதினார். நரம்பு மருத்துவர்கள் இன்றும் காலைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொல்வது அதற்காகத்தான். சிறுமூளை கெட்டிருந்தால் கண் திறந்திருக்கும்போதே ஆட்டம் தெரியும்.

தண்டுவடம் வெறும் கம்பி இல்லை. சுமார் 45 செ.மீ. நீளம்தான், இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் கெண்டைத்தசை திடீரென்று இழுபட்டால், மூளையைக் கேட்காமல் தானே "இறுக்கு" என்று சொல்லிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது சிறுமூளையின் வேலை. மூளையின் பருமனில் பத்தில் ஒரு பங்குதான். நரம்பணுக்களில் பாதிக்கு மேல் அதற்குள் இருக்கின்றன. கை அசைந்தால் உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே கணக்குப் போட அது உதவுகிறது. நின்றபடி கையைத் தூக்கிப் பாருங்கள், கைக்கு முன்னால் கால் தசை இறுகிவிடும். பிரஷ் இத்தனை வேகமாக ஆடியும் நான் சாயாதது அந்தக் கணக்கால்தான்.

நேற்று கண்ணை மூடி 11 வினாடி நின்றேன். அந்தத் தெம்பில் பிரஷை இடது கைக்கு மாற்றினேன். மூன்றாவது வினாடியில் மறுகால் தரையில் இருந்தது, பேஸ்ட் கண்ணாடியில்.