கொழும்புத் தேயிலை ஏலத்தில் பிளெண்டுக்கு லொட் எடுப்பது

1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில் கணினிக்கு மாறியது. கூச்சல் போய்விட்டது, லொட் லொட்டாக, அதாவது தொகுதி தொகுதியாக, விற்பது போகவில்லை. பிளெண்டுக்கு, அதாவது பல தேயிலைகளைக் கலந்து விற்க, வாங்குபவருக்குத் தலைவலி அங்கேதான். ஊவாவின் மணம், திம்புள்ளையின் துலக்கம், தாழ்நிலத்தின் சாயம் மூன்றும் சேர்ந்தால்தான் ஓர்டர் நிறைவேறும். ஒன்று கைநழுவினால் மற்ற இரண்டும் வெறும் சரக்கு. பள்ளிக்கூடப் பொருளியலில் வரும் ‘நிரப்புப் பண்டங்கள்’ இவைதான்.

விளக்கத்துக்கு ஒரு கணக்கு. மூன்று லொட், தலா 1000 கிலோ. தனித்தனியே திருப்பி விற்றால் கிலோ 1200, 1150, 1300 ரூபா, ஆக 36.5 லட்சம். பிளெண்டாகப் போனால் செலவு கழித்து 39 லட்சம். இடையிலுள்ள 2.5 லட்சத்தையும் (முதல் லொட்டில் கிலோவுக்கு 250) நம்பி முதல் லொட்டை 1450 வரை கேட்பதுதான் வழக்கமான பிழை. மற்ற இரண்டும் அவற்றின் தனி விலைக்கே சேர்ந்து கிடைக்க 40 வீத வாய்ப்பு என்றால், 250இல் 40 வீதம் 100. எனவே 1200உடன் அதைக் கூட்டி 1300இல் நிறுத்த வேண்டும்.

கடைசி லொட்டில் கணக்கு வேறு. முதல் இரண்டுக்கும் 25 லட்சம் கொடுத்தாயிற்று, மூன்றாவது 1500இல் நிற்கிறது என்று வையுங்கள். எடுத்தால் மொத்தம் 40 லட்சம், ஒரு லட்சம் நட்டம். ‘விட்டுவிடு’ என்று மனம் சொல்லும். விட்டாலோ கையிலுள்ளவை 23.5 லட்சத்துக்குத்தான் போகும், நட்டம் ஒன்றரை லட்சம். கொடுத்த காசை மறந்துவிட்டு 39இலிருந்து 23.5ஐக் கழியுங்கள்: 1550 வரை கேட்கலாம்.

அந்த நிலைக்கே போகாமலிருக்க, சுவை பார்க்கும்போதே பிளெண்டின் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு மூன்று பதில் லொட்டுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாயத்துக்குப் பதில் கிடைப்பது சுலபம். பருவ மணமுள்ள ஊவாவுக்கு அரிது. அது பட்டியலில் பிந்தி வந்தால் முன்னால் வருபவற்றில் கையை அடக்குங்கள்.

மூன்றுக்கும் சேர்த்து ஒரே விலை கேட்க விட்டால் இந்தச் சிக்கல் தீரும், ஆனால் வேறொன்று முளைக்கும். தனித்தனியாகக் கேட்கும் சிறியவர்கள் சேர்ந்து பொதி விலையைத் தாண்ட வேண்டும். ஒவ்வொருவரும் ‘மற்றவன் ஏற்றட்டும்’ என்று காத்திருப்பார்கள். 1994 அமெரிக்க அலைக்கற்றை ஏலம் நடுவழி ஒன்றை எடுத்தது: எல்லா உரிமங்களும் ஒரே நேரத்தில், பல சுற்றுகளில். அடுத்ததன் விலையைப் பார்த்தே இதற்குக் கேட்கலாம். கையில் பாதி மாட்டிக்கொள்ளும் ஆபத்து குறையுமே தவிர ஒழியாது.

இங்கே இருக்கும் வழி, விற்காமல் நின்றுபோன ‘அவுட் லொட்’. ஏலம் முடிந்ததும் புரோக்கரிடம் நேரே பேசி எடுக்கலாம். அந்த லொட்டையும் முன்பே சுவைத்துக் குறித்திருக்க வேண்டும். அன்று மாலை சாம்பிள் தேடி ஓடினால் முந்திக்கொள்வார்கள்.