கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்

அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருப்பது பெற்றோர் பலருக்குத் தெரியும், அதற்கு என்ன அதிகாரம் என்பதுதான் தெரியாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உறுப்பினர்களில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோரோ காப்பாளரோ இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும் இவர்கள் வேலை.

ஆனால் எங்கள் கோத்தகிரிப் பக்கம் கூட்டத்தை வேலை நாள் மதியத்தில் வைக்கிறார்கள். கொழுந்து பறிக்கப் போகிற அம்மா வந்தால் அரைநாள் கூலி போச்சு. சாயங்காலம் வைக்கலாமே என்றால் மூடுபனி, கரடி, காட்டெருமை, கடைசி பஸ். இதையெல்லாம் தெரிந்துகொண்டே, வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அப்புறம் பதிவேடு வீட்டுக்கே வரும், "இங்க ஒரு கையெழுத்து போடுங்கக்கா."

எனக்குத் தெரிந்த தலைமையாசிரியை ஒருவர் வேறு மாதிரி. வந்த பணம், செலவு, மீதி எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார். சுவருக்குப் பெயின்ட் அடிக்க அவருக்கு ஆசை, அம்மாக்கள் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய்தான் முதலில் என்றார்கள், நல்ல சண்டை, குழாய்தான் வந்தது. அதிலிருந்து கூட்டத்துக்கு ஆள் சேர்கிறது, கேள்வியும் கூடுகிறது (அவருக்குத் தலைவலிதான்).

இப்போது ஞாயிற்றுக்கிழமை கூடலாமா என்று பேச்சு. ஆசிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள், அதுவும் நியாயம்தான்.