நெடுந்தீவில இருந்து ஃபானோ தீவுக்கு

டென்மார்க்கில எஸ்பியர்ல இருந்த நாங்கள் முதியோர் பராமரிப்பில வேலை கிடைச்சதால ஃபானோ தீவுக்கு மாறி வந்திட்டம். "அவ்வளவு தூரம் போயும் திரும்பத் தீவுக்கே போறாய் பிள்ளை" எண்டு அம்மா ஃபோன்ல கேட்டவ, நாங்கள் யாழ்ப்பாணத்து நெடுந்தீவுச் சனம். குறிகட்டுவான் இறங்குதுறையில போட் ஏறினா வீட்ட போக ஒரு மணித்தியாலம் மட்டில வரும், இங்க எஸ்பியருக்கு ஃபெரி 12 நிமிசம்தான், ஆனா கறிவேப்பிலை முடிஞ்சா அதுக்கும் ஃபெரிதான்.

முழுத்தீவும் சேர்ந்து ஒரு கொம்யூன், எங்கட பிரதேச சபை மாதிரி, சனம் 3400 மட்டில. 2007ல நாடு முழுக்க இருந்த 271 கொம்யூனைச் சேர்த்து 98 ஆக்கேக்க இவை சேராமத் தனிய நிண்டிட்டினம், சில வேலையள மட்டும் எஸ்பியரோட சேர்ந்து செய்யினம். 1741ல ராசாவிட்ட ஏலத்தில காசு குடுத்துத் தீவை வாங்கின ஆக்கள், லேசில விட்டுக்குடுப்பினமே! எனக்கு இது நல்லாப் பிடிச்சுக்கொண்டுது, கொம்யூன் ஒபிஸ்ல அடையாள நம்பர் சொல்லமுதல் ஆளைத் தெரியும். அதேநேரம் நான் கடையில என்ன வாங்கினனான் எண்டும் ஊருக்கே தெரியும், அது வேற விசயம்.

ஃபெரி வந்து நிக்கிற நோர்ட்பிதான் பெரிய ஊர். எனக்குப் பிடிச்சது தெற்கு முனையில கிடக்கிற ஸொன்டஹோ. நாணல் வேய்ஞ்ச நீட்டு வீடுகள், எல்லாம் கிழக்கு மேற்காத்தான் கட்டிக் கிடக்கு, மேல்காத்து அடிச்சா ஒடுங்கின பக்கத்திலதான் படவேணும் எண்டு. எங்கட ஊர் முருகைக்கல் மதில் மாதிரி இதுவும் காத்துக்குப் பயந்தவன் செய்த வேலைதான். யன்னலுக்க சோடியா பீங்கான் நாய் வச்சிருப்பினம், கப்பல்காரர் இங்கிலாந்தில இருந்து கொண்டுவந்தது. புருசன் கடல்ல எண்டா நாய் வெளியில பாக்குமாம், வந்திட்டா உள்ளுக்க பாக்குமாம். நான் பராமரிக்கிற ஒரு அம்மம்மா இதைச் சொல்லிப்போட்டு, அதெல்லாம் ஊர் பாக்க வாறாக்களுக்குச் சொல்லுற கதை எண்டு சிரிச்சவ, ஆனா அவவின்ர நாயும் வெளியிலதான் பாத்துக்கொண்டிருக்கு. 1782ல கட்டின தேவாலயத்துக்குள்ள 15 கப்பல் மொடல் தொங்குது, பிள்ளையள் பிரசங்கம் கேக்காம அதைத்தான் அண்ணாந்து பாக்கிறவை.

கோடையில ஜேர்மன்காரர் நிரம்பி வழிவினம், வாடகைக்கு வீடு தேடுறதெண்டா அப்ப வராதேங்கோ. பாக்க வாறாக்கள் காரை எஸ்பியர்ல விட்டிட்டு வாங்கோ, ஃபெரியில காருக்குத்தான் காசு கூட, நோர்ட்பியில இருந்து ஸொன்டஹோவுக்கு பஸ் ஓடுது.