பழம் திருடும் பறவைகள்

இங்கிலாந்தின் கெல்ம்ஸ்காட் கிராமத்தில், துணி டிசைனர் வில்லியம் மோரிஸின் வீட்டுத் தோட்டத்தில், வலைக்கடியில் நுழைந்து ஸ்ட்ராபெர்ரியைத் தின்றுவிட்டுப் போகுமாம் த்ரஷ் பறவைகள். நாமாக இருந்தால் கல்லெடுத்திருப்போம், மனிதர் 1883-இல் அதையே திரைச்சீலைத் துணிக்கு டிசைனாக்கி, 'ஸ்ட்ராபெர்ரி திருடன்' என்று பெயரும் வைத்துவிட்டார்.

அந்த டிசைனை உற்றுப் பாருங்கள். ஒரு ஜோடியின் அலகில் பழம், இன்னொரு ஜோடி வாயைத் திறந்து பாட்டு. கூட்டுக் களவாணிகள்!

அச்சடித்த விதம்தான் எனக்கு ஆச்சரியம்: பருத்தித் துணி முழுவதையும் அவுரி நீலத்தில் முக்கி எடுத்து, வெளுக்க வேண்டிய இடத்தில் மட்டும் மர அச்சால் மருந்தைப் பதித்து நீலத்தை எடுத்துவிட்டு, அப்புறம்தான் சிவப்பும் மஞ்சளும். நாள் கணக்கில் வேலை, விலையும் சும்மா இல்லை.