கண்ணளவு

ஜூன் 8

விமானம் திருத்தும் வேலையிலிருந்து லீவில் வந்து நாலு நாள். வெயிலுக்கு வெளியே போக மனமில்லாமல் கல்லடியில் மச்சானின் கராஜிலேயே குந்திக்கொண்டிருக்கிறேன். இன்று ஆரையம்பதிக்காரர் ஒருவரின் பைக்கில் என்ஜின் மூடியைப் பூட்டும்போது ஒரு போல்ட் குறைந்தது. மச்சான் பழைய பால்மா டின்னைக் கவிழ்த்து, விரலால் கிளறி, ஒன்றை எடுத்து மற்றதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு "இது காணும்" என்றான். முறுக்கினான், இறங்கியது, பைக்கும் போய்விட்டது. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

ஜூன் 10

1990இல் இதே தேதி. பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன் கண்ணாடி 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போக, கேப்டன் பாதி உடம்போடு வெளியே இழுபட்டார். ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்ததே அதிசயம். 27 மணி நேரத்துக்கு முன் அந்தக் கண்ணாடியை மாற்றியவர், ஆள் குறைந்த நைட் ஷிப்டில், மங்கல் வெளிச்சத்தில், பழைய போல்ட்டோடு கண்ணளவில் ஒப்பிட்டுப் புதியதை எடுத்திருக்கிறார். 90 போல்ட்டில் 84 மெலிவு. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! ஸ்டோர்காரர் சரியான நம்பரைச் சொல்லியும் இருக்கிறார். ஆனால் ஆள் சோம்பேறி இல்லை, நல்ல வேலைக்காரர். அதுதான் எனக்குப் பயம்.

மச்சானிடம் சொன்னேன். "அது பிளேன், இது பைக்கு. கழண்டா ரோட்டோரமா நிப்பாட்டலாம்" என்கிறான். சரி, என்ன சொல்ல?

ஜூன் 11

அவனிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். போன வருடம் நைட் ஷிப்ட் முடிவில் டூல் பெட்டியை எண்ணாமலே எண்ணியதாகக் கையெழுத்து வைத்தேன். இத்தனை வருடத்தில் ஒன்றும் தொலைந்ததில்லை, அன்றும் எல்லாம் இருக்கும் என்ற நினைப்பு. என் டோர்ச் விமானத்தின் சக்கரம் மடங்கும் அறைக்குள் கிடந்தது. விமானம் கிளம்புமுன் பகல் ஷிப்ட் பெடியன் ஒருவன் கண்டெடுத்தான். ஏச்சு விழவில்லை, ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும். ஒரு படிவத்தைத் தந்து ஏன் நடந்தது என்று எழுதச் சொன்னார்கள். 'களைப்பு' என்று எழுதிவிட்டு வெட்டினேன், ஏனென்றால் அன்று அவ்வளவு களைப்பு இல்லை. வெளியே பஸ் நிற்கிறது, விட்டால் அடுத்ததுக்கு ஒரு மணி நேரம். இதை எழுதத்தான் கை வரவில்லை.

ஜூன் 12

மச்சான் வருமுன் பால்மா டின்னைத் தரையில் கொட்டி, வேர்னியர் வைத்து அளந்து பிரித்துக்கொண்டிருந்தேன். வந்தவன் சிரித்தான். அப்புறம் பிளேன்டீயை வைத்துவிட்டு, ஆரையம்பதி பைக்காரருக்குக் கோல் எடுத்து, பின்னேரம் ஒருக்கா வந்துபோகச் சொன்னான்.