அலை உடையாத இடம்

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் வெள்ளை நிற நினைவுச் சின்னத்தைப் படமெடுப்பவர்களில் பலர் அது ஏன் எழுப்பப்பட்டது என்று கேட்பதில்லை. 1930 டிசம்பர் 30 அன்று, இக்கரையருகே கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற முயன்று மூழ்கி இறந்த ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவாக எழுந்தது அது. துணிவு மட்டும் போதாத இடம் கடல் என்பதை அவ்வழியே நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

சென்ற மாதம் ஒரு மாலையில், உயிர்காப்பாளர் ஒருவர் விசில் ஊதி நான்கு மாணவர்களைக் கரையேற்றிக்கொண்டிருந்தார். "இங்கதான் அலையே இல்லையேண்ணா" என்றான் ஒருவன். "அலை உடையாத இடத்துலதான் தம்பி உள்ள இழுக்கும்" என்றார் அவர். கரையில் மோதிய நீர் திரும்பிச் செல்லக் குறுகிய தடமொன்றைப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தடத்தில் அலை உடையாததால், நீந்தத் தெரியாதவர் அதையே பாதுகாப்பான இடமென்று நம்பி இறங்கிவிடுகிறார். அந்த இழுப்பை எதிர்த்து நீந்துபவர் களைத்துப் போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துபவர் பெரும்பாலும் அதிலிருந்து விலகி வந்துவிடுவார்.

மூழ்குபவர் கையசைத்துக் கூச்சலிடுவார் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் வாய் நீருக்கு மேலே வரும் கண நேரம் மூச்சு வாங்கவே போதாது என்பதால் குரல் எழுவதில்லை. கைகள் நீரைக் கீழே அழுத்திக்கொண்டிருப்பதால் அசைக்கவும் முடிவதில்லை. தலை பின்னால் சாய்ந்து, உடல் செங்குத்தாக நிற்கும் அந்த நிலை 20 முதல் 60 விநாடிகளே நீடிக்கும் என்பார்கள். குளத்தில் குழந்தைகளின் ஆரவாரத்துக்கு நடுவே இந்த மௌனத்தைக் கண்டுபிடிக்க இமைக்காமல் பார்க்கும் கண் வேண்டும். என் மகள் நீச்சல் பழகிய குளத்தில் காவலிருந்தவர் கைப்பேசியில் ஆழ்ந்திருந்ததைக் கண்ட நாளில் எனக்கு நெஞ்சு பதறியது. எழுந்து போய் அவரிடமே சொன்னேன். நீந்தத் தெரிந்த ஒருவரை நாற்காலியில் உட்கார வைப்பது மட்டும் காவலாகாது.

எலியட்ஸ் காப்பாளரோ என்னுடன் பேசிய பத்து நிமிடத்தில் ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் அதை அலட்சியமென்று நினைத்தேன். பேச்சின் நடுவில், "அதோ, மறுபடி இறங்குறாங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஈர மணலில் தெற்கு நோக்கி ஓடத் தொடங்கினார்.